தேசிய மலருக்கு ஏன் பெயர் மாறியது?



1981ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், அன்றைய கலாசார அமைச்சர் எஸ். தனபாலன் சிங்கப்பூரின் தேசிய மலரை அறிவித்தார். நாற்பது பூக்கள் பரிசீலிக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பெயர் ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்தார்கள். அஞ்சல் தலையிலும் நாணயத்திலும் அந்தப் பூ ஏறியது.

இன்று அதே பூவின் முறையான பெயர் ‘பப்பிலியோனாந்தி மிஸ் ஜோவாக்கிம்’. செடி மாறவில்லை, நிறம் மாறவில்லை, இதழ் எண்ணிக்கையும் மாறவில்லை. பெயரின் முற்பாதி மட்டும் மாறிவிட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பலர் இன்றும் ‘வாண்டா’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு நாட்டின் அடையாளமாக இருக்கும் மலரின் பெயரை மாற்ற யாருக்கு அதிகாரம்? எந்த ஆதாரத்தைக் கொண்டு மாற்றினார்கள்? அப்படியானால் முன்பு வைத்த பெயர் தவறா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண வேண்டுமானால், பூக்கும் தாவரங்களை அறிஞர்கள் எப்படி உறவு பார்த்து ஒரே ‘பேரினம்’ என்று சேர்க்கிறார்கள் என்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும். அது முந்நூறு ஆண்டுக் கதை.

மூன்று வள்ளிகள்

முதலில் நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு என்று மூன்றைச் சொல்கிறோம். மூன்றும் ‘வள்ளி’தான். ஆனால் தாவரவியலில் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள். மண்ணுக்கடியில் கிழங்கு விடுகின்றன, அவித்துத் தின்னலாம் என்பதைத் தவிர அவற்றுக்குள் நெருங்கிய உறவு கிடையாது. சர்க்கரைவள்ளியின் உண்மையான பங்காளி யார் தெரியுமா? பெலாச்சான் போட்டுப் பிரட்டித் தின்கிறோமே, அந்தக் கங்கோங் கீரை. இரண்டின் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியான புனல் வடிவப் பூ. இரண்டும் ‘ஐப்போமியா’ என்ற ஒரே பேரினம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றை நாம் மூன்று பெயரால் அழைக்கிறோம். மூன்றும் ‘ஃபைக்கஸ்’ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பலாவும் செம்படாக்கும் ஒரே பேரினம். மங்குஸ்தீனும், கேரளத்து மீன்குழம்பில் போடும் குடம்புளியும், மலாய்க்காரர் சமையலில் போடும் ‘அசாம் கெப்பிங்’கும் ஒரே பேரினம். நாவற்பழமும் ஜம்புக்காயும் பிரியாணியில் போடும் கிராம்பும் ‘சைசீஜியம்’ என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். நாம் கிராம்பு என்று வாங்குவது அந்த மரத்தின் விரியாத பூமொட்டு.

நம் முன்னோர் வைத்த பெயர்கள் தவறு என்று இதற்குப் பொருளல்ல. அவர்கள் பயன்பாட்டையும் தோற்றத்தையும் வைத்துப் பெயரிட்டார்கள். எதைத் தின்னலாம், எதை மருந்தாக அரைக்கலாம், எது வேலிக்கு ஆகும் என்பது அவர்களுக்கு முக்கியம். தாவரவியல் கேட்கும் கேள்வி வேறு: எது எதோடு பிறந்தது?

இதற்கு நம்மவர் வாழ்க்கையோடு ஒட்டிய சான்று ஒன்று உண்டு. பால் வடியும் மரமெல்லாம் ரப்பர் மரம் என்றால், ஆலமரத்தின் பங்காளியான ‘இந்திய ரப்பர்’ மரமும் ரப்பர் மரம்தான். மலாயாவில் அதை ‘ரம்போங்’ என்று அழைத்து நட்டும் பார்த்தார்கள். ஆனால் 1877ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள் வேறு வகை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ‘ஹீவியா’ அது. அதன் உறவு ஆலமரத்தோடு அல்ல, ஆமணக்கோடும் மரவள்ளியோடும்தான். காயைப் பார்த்தால் உண்மை தெரியும். ஆமணக்குக் காயும் மூன்று பிரிவு, ரப்பர்க் காயும் மூன்று பிரிவு. முற்றினால் இரண்டும் வெடிக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு, வெயில் நேரத்தில் ரப்பர்க் காய் ‘பட்’டென்று வெடிக்கும் ஓசையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பால் என்பது பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றிய ஒரு குணம். காயின் அமைப்போ பரம்பரையாக வந்த சொத்து.

எந்தக் குணம் பரம்பரைச் சொத்து, எந்தக் குணம் பிழைப்புக்காகப் பின்னால் தேடிக்கொண்டது என்று பிரித்தறிவதுதான் இந்தக் கலையின் உயிர்.

பெயருக்கு முன் குடும்பப் பெயர்

பேரினம் என்ற கருத்தை ஒழுங்காக வரையறுத்தவர் பிரெஞ்சு அறிஞர் தூர்நஃபோர். 1694இல் அவர் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 700 பேரினங்களைப் பூவையும் கனியையும் அடிப்படையாக வைத்து விவரித்தார். இலை, தண்டு, உயரம் ஆகியவை மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறக்கூடியவை. பூவின் உள்ளமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது என்பது அவர் கண்ட உண்மை.

அடுத்து வந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753இல் வெளிவந்த அவருடைய நூலில் ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு இரண்டு சொற்களில் பெயர் கொடுத்தார். முதற்சொல் பேரினம், இரண்டாம் சொல் சிற்றினம். சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். சீன நண்பர்களின் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். லீ என்றும் டான் என்றும் முதலில் சொன்னவுடனேயே எந்த வீட்டார் என்று தெரிந்துவிடுகிறது. தாவரங்களுக்கும் லின்னேயஸ் அந்த முறையைத்தான் செய்தார்.

ஆனால் குளிர்நாட்டில் அமர்ந்துகொண்டு வெப்பநாட்டுத் தாவரங்களை வகைப்படுத்துவதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதற்கும் அவர் 1753இல் வைத்திருந்தவை எட்டே பேரினங்கள். மரத்தின் மேல் தொற்றி வளரும் ஆர்க்கிட் வகைகளை ‘எப்பிடெண்ட்ரம்’, அதாவது ‘மரத்தின் மேலிருப்பது’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டார். இன்று ஆர்க்கிட் குடும்பத்தில் 700க்கும் மேற்பட்ட பேரினங்களும் ஏறத்தாழ 28,000 சிற்றினங்களும் இருக்கின்றன என்றால், அந்தப் பெட்டி எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்குள் தென்னிந்தியத் தாவரங்களும் இருந்தன. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் அறிவைப் பெற்று, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற நூலை வெளியிட்டார். ஆஞ்சிலி மரத்தில் தொற்றி வளரும் ஓர் ஆர்க்கிட்டை அந்நூல் ‘ஆஞ்சிலி மரவாழை’ என்ற பொருளில் பதிவு செய்தது. லின்னேயஸ் அதைப் பார்த்துத்தான் ஓர் ‘எப்பிடெண்ட்ரம்’ என்று பெயரிட்டார். வாழையோடு அதற்கு உறவு இல்லை என்பதில் லின்னேயஸ் சொன்னது சரி. ஆனால் அவர் போட்ட பெட்டியும் நிலைக்கவில்லை. பின்னர் அது வேறொரு பேரினத்துக்குப் போயிற்று.

லின்னேயஸின் மாணவர்களில் ஒருவர் தமிழ் மண்ணுக்கே வந்தார். கோனிக் என்ற அந்த மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து செடிகளை விவரித்தார். அவரிடம் பழகிய வில்லியம் ராக்ஸ்பர்க், பிற்காலத்தில் கல்கத்தா தோட்டத்தின் தலைவராகி இந்தியத் தாவரங்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார். ராக்ஸ்பர்க்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தேசிய மலரின் வரலாற்றில் அவர் மறுபடியும் வருவார்.

மொழிக் குடும்பம் கண்டவர் வைத்த பெயர்

‘வாண்டா’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? மரத்தில் ஒட்டி வளரும் செடியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து. அதைத் தாவரவியலுக்குக் கொண்டுவந்தவர் சர் வில்லியம் ஜோன்ஸ். அவர் தொழிலால் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதி. அவருடைய குறிப்பு, அவர் இறந்த பிறகு 1795இல் அச்சானது. 1820இல் ராபர்ட் பிரவுன் ‘வாண்டா’ பேரினத்தை முறையாக வெளியிட்டார்.

இந்த ஜோன்ஸ்தான் 1786இல் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று உரையாற்றி மொழியியல் வரலாற்றில் இடம்பிடித்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னையில் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் அதை விரிவாக நிறுவினார்.

தாவரவியல் பேச்சில் மொழி எதற்கு என்று கேட்கலாம். இரண்டின் ஆராய்ச்சி முறையும் ஒன்று என்பதால் சொல்கிறேன். தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைய இருக்கின்றன. அதைப் பார்த்து அதை வடமொழிக் குடும்பம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் கடன் வாங்கிய சொற்களை ஒதுக்கிவிட்டு, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேர்ச்சொல் ஆகியவற்றைப் பார்த்தபோது உண்மையான உறவு தெரிந்தது. செடியிலும் அப்படித்தான். சூழ்நிலைக்கு ஏற்ப வந்த குணங்கள் கடன்சொற்கள் போன்றவை. பூவின் ஆழமான அமைப்பு எண்ணுப்பெயர் போன்றது.

இரண்டு பெற்றோர், ஒரு தோட்டம்

இனி நம் மலருக்கு வருவோம். அதற்குப் பெற்றோர் இருவர்.

ஒன்று இமயமலை அடிவாரம் முதல் பர்மா, தாய்லாந்து வரை வளரும் செடி. அதை விவரித்தவர் ராக்ஸ்பர்க். அவர் மறைந்த பின் 1832இல் வெளிவந்த நூலில் அதன் பெயர் ‘டெண்ட்ரோபியம் டெரெஸ்’. ‘டெரெஸ்’ என்றால் உருண்டு நீண்டது என்று பொருள். அதன் இலை பென்சில் போல உருண்டையாக இருக்கும். மறு ஆண்டே, 1833இல், ஆங்கிலேய அறிஞர் லிண்ட்லி அதை ‘வாண்டா டெரெஸ்’ ஆக்கினார்.

மற்றது நம் மண்ணுக்குரியது. மலாயா, சுமத்ரா, போர்னியோ சதுப்பு நிலங்களில் புதர்களைப் பற்றிக்கொண்டு வளர்வது. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஏராளமாக வளர்ந்ததால் ‘கிந்தா களை’ என்று ஆங்கிலத்தில் அழைத்தார்கள். களை என்று சொல்லும் அளவுக்கு மலிந்து கிடந்த அந்தச் செடிக்கு 1856இல் ‘வாண்டா ஹூக்கேரியானா’ என்று ஜெர்மானிய அறிஞர் ரைகன்பாக் பெயரிட்டார். அதற்கும் உருண்டை இலைதான்.

இரண்டு செடிகளையும் சிங்கப்பூர்த் தோட்டங்களில் விரும்பி வளர்த்தார்கள். தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோவாக்கிம் ஒரு புதுப் பூவைப் பூமலைக்குக் கொண்டுபோய் அதன் இயக்குநரிடம் காட்டினார். அந்த இயக்குநர்தான் ஹென்றி ரிட்லி, மலாயாவின் தோட்டக்காரர்களை ரப்பர் நடுமாறு விடாமல் வற்புறுத்திய அதே ரிட்லி. 1893 ஜூன் மாதம் லண்டன் தோட்டக்கலை இதழில் அவர் இந்தப் பூவை அறிவித்தார். தோட்டக்கலையில் பெயர்பெற்ற மிஸ் ஜோவாக்கிம் இரண்டு செடிகளையும் இணைத்து இதை உருவாக்கியதாக எழுதி, அவருடைய பெயரையே பூவுக்குச் சூட்டினார்.

1899ஆம் ஆண்டு சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் அந்தப் பூவுக்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஆக்னஸ் காலமானார். அவருக்கு வயது 45. ஹில் ஸ்திரீட் ஆர்மீனிய தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது.

பிற்காலத்தில் ஒரு சர்ச்சை கிளம்பியது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. பூஞ்சையின் துணையில்லாமல் இயற்கையில் முளைக்காது. சோதனைக் குடுவையில் சர்க்கரைக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கும் முறை 1920களில்தான் வந்தது. அப்படியிருக்க 1893க்கு முன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண்மணி இதைச் செய்திருக்க முடியுமா? வண்டு செய்த வேலையை அவர் கண்டெடுத்திருப்பார் என்று சிலர் எழுதினார்கள். ரிட்லியின் எழுத்தில் ஐயத்துக்கு இடமில்லை என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். கடைசியில் 2016ஆம் ஆண்டு, தேசிய மரபுடைமைக் கழகம் ஆக்னஸ் ஜோவாக்கிமே அந்த மலரை உருவாக்கியவர் என்று ஏற்றுக்கொண்டது. 120 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கிடைத்த நியாயம் அது.

வீடு மாறிய செடிகள்

ஆக்னஸின் காலத்திலேயே இன்னொரு கேள்வி மறைந்திருந்தது. பட்டை இலை கொண்ட வாண்டாக்களும், உருண்டை இலை கொண்ட இந்த இரண்டும் உண்மையிலேயே ஒரே வீட்டார்தானா?

1915இல் பெர்லின் அறிஞர் ருடால்ஃப் ஷ்லெக்டர், இல்லை என்றார். உருண்டை இலைச் செடிகளைத் தனியே பிரித்து, ‘பப்பிலியோனாந்தி’ என்ற புதுப் பேரினத்தை அமைத்தார். ‘வண்ணத்துப்பூச்சி மலர்’ என்பது அதன் பொருள். இலை உருண்டை என்பது மட்டும் காரணமல்ல. ‘லூசியா’ போன்ற வேறு பேரினங்களுக்கும் உருண்டை இலை உண்டு. வெயிலையும் வறட்சியையும் தாங்க வந்த குணம் அது. எனவே அது கடன்சொல்லாக இருக்கலாம். ஆர்க்கிட் பூவின் நடுவில் ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாக இணைந்த ஒரு சிறு தூண் இருக்கும். அதற்குக் கீழே உதடு போன்ற பெரிய இதழ் இருக்கும். அந்த உதடு தூணின் அடியோடு எப்படி இணைகிறது, பின்னால் நீளும் தேன்குழாய் என்ன வடிவம் என்பவற்றிலும் வேறுபாடு தெரிந்தது. பல குணங்கள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் தனிப் பேரினம் என்று சொல்ல முடியும்.

ஆனாலும் தோட்டக்காரர்கள் காதில் வாங்கவில்லை. ஆர்க்கிட் ஆராய்ச்சியின் நிலையும் அன்று சீராக இல்லை. 1856இல் நம் கிந்தா களைக்குப் பெயரிட்ட ரைகன்பாக், 1889இல் இறக்கும்போது தம் உலர்செடித் தொகுப்பை 25 ஆண்டுகளுக்கு யாரும் திறக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டார். ஷ்லெக்டர் சேர்த்த தொகுப்பின் கதி அதைவிட மோசம். 1943ஆம் ஆண்டு பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் அது எரிந்துபோயிற்று. ஒரு பெயர் சரியா தவறா என்று ஒத்துப் பார்க்க வேண்டிய மூலச் செடிகளே இல்லாமல் போய்விட்டன.

1974இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் காராய், ஷ்லெக்டரின் பேரினத்தை மீண்டும் நிலைநிறுத்தி, வேறு சில சிற்றினங்களையும் அதில் சேர்த்தார். அதாவது, 1981இல் சிங்கப்பூர் தன் தேசிய மலரை அறிவித்தபோதே புதிய பெயருக்கான வாதம் நூல்களில் இருந்தது. தோட்டக்கலை உலகம் பழகிய பெயரைத்தான் கையாண்டது. அந்தப் பெயரைத்தான் மக்களும் அறிந்திருந்தார்கள்.

பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தது. 1999இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வாண்டாக்களின் மரபணுக் கூறுகளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு, உருண்டை இலைச் செடிகள் தனிக்கூட்டம் என்பதை ஆதரித்தது. ஷ்லெக்டர் கண்ணாலும் கைவில்லையாலும் கண்டதை, 84 ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. இன்று தேசியப் பூங்காக் கழகமும் பூமலையும் ‘பப்பிலியோனாந்தி மிஸ் ஜோவாக்கிம்’ என்றே எழுதுகின்றன.

பிரிந்தவரும் சேர்ந்தவரும்

இங்கே பேரினத்தின் இன்றைய இலக்கணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பேரினம் என்றால், ஒரு மூதாதையின் வழிவந்த எல்லாரும் அதில் இருக்க வேண்டும், வேறு வழியில் வந்தவர் யாரும் இருக்கக் கூடாது. ஒரு பாட்டனின் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும்போது, வெளியூரில் வேறு பெயரோடு வாழும் மகளை விட்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் முகச்சாயலில் ஒத்திருக்கிறான் என்று அவனைச் சேர்த்துவிடவும் கூடாது.

இந்த இலக்கணப்படி வாண்டாவிலிருந்து சில செடிகள் வெளியேறின. வேறு சில உள்ளே வந்தன. குள்ளமான செடியும் பளிச்சென்ற சிறு பூக்களும் கொண்ட ‘ஆஸ்கோசெண்ட்ரம்’, ஜப்பானியர் பேணி வளர்க்கும் வெண்பூ ‘நியோஃபினீசியா’ ஆகியவை தனிப் பேரினங்களாக இருந்தன. மரபணுவைப் பார்த்தால் அவை வாண்டாவின் வயிற்றுப் பிள்ளைகள். 2012ஆம் ஆண்டு அவை வாண்டாவில் சேர்க்கப்பட்டன. வெளித்தோற்றத்தில் வாண்டா போலவே இல்லாதவை வாண்டா ஆயின. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாண்டா என்று புகழ்பெற்ற நம் தேசிய மலர் வாண்டா இல்லை என்றாயிற்று.

இதன் விளைவு பூக்கடை வரை வந்தது. ஆர்க்கிட் செடிகள் ஒரு விதத்தில் நம்மை விடத் தாராளமானவை. நாம் பங்காளி வீட்டில் பெண்ணெடுப்பதில்லை. செடிகளில் பங்காளிக்குள்தான் கலப்பு எளிது. ஆர்க்கிட்டுகளோ பங்காளியோடும் சேரும், சம்பந்தி வீட்டோடும் சேரும். அராக்னிஸும் வாண்டாவும் சேர்ந்தால் ‘அராண்டா’. அவற்றோடு ஆஸ்கோசெண்ட்ரமும் சேர்ந்தால் ‘மொக்காரா’. சிங்கப்பூரில் முதல் மொக்காரா 1969இல் பதிவானது. மாலை கட்டும் கடைகளிலும் திருமண மேடைகளிலும் நாம் பார்க்கும் பல ஆர்க்கிட் பூக்கள் மொக்காராதான். ஆஸ்கோசெண்ட்ரமே வாண்டாவுக்குள் அடங்கிவிட்டபோது, இலக்கணப்படி மொக்காராவும் அராண்டா ஆகிவிட்டது. ஆனால் பூக்கடைக்காரர் யாரும் இன்னும் பெயர்ப் பலகையை மாற்றவில்லை!

தீர்ப்பு சொல்வது யார்?

யாருக்கு அதிகாரம் என்று தொடக்கத்தில் கேட்டோம். எது எதோடு உறவு என்று தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் எதுவும் கிடையாது. ஆய்வாளர் ஆதாரத்தோடு வெளியிடுகிறார். மற்றவர்கள் சோதிக்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் நிலைக்கிறது. பெயரை எப்படி எழுத வேண்டும், இரண்டு பெயர் இருந்தால் எது செல்லும் என்பதற்கு மட்டுமே அனைத்துலகச் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தைத் தாவரவியல் மாநாடு கூடித் திருத்துகிறது.

அங்கும் சில சமயம் சண்டை வரும். 2005ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் ‘அக்காசியா’ என்ற பெயருக்காக வழக்கு நடந்தது. அந்தப் பேரினம் உண்மையில் பல கூட்டங்கள் என்று தெரிந்துவிட்டது. பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? அந்தப் பெயர் முதலில் வழங்கியது நம் கருவேல மரத்துக்கு. ஆனால் ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் சிற்றினங்கள் அந்தப் பெயரோடு இருந்தன. அத்தனையையும் மாற்றினால் குழப்பம் என்று அந்நாட்டார் வாதிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கே பெயரைக் கொடுக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களே அதிகம். ஆனால் பரிந்துரையைத் தள்ளிவைக்க 60 விழுக்காடு வேண்டும். அது கிடைக்கவில்லை. 2011இல் மெல்பர்ன் மாநாடும் அதை உறுதி செய்தது. எனவே நம் சாலையோரங்களில் நிற்கும் ஆஸ்திரேலிய வகை இன்னும் அக்காசியா. ஆப்பிரிக்காவிலும் தமிழகத்திலும் அந்தப் பெயருக்கு மூலமாக இருந்த கருவேலம் இப்போது ‘வச்செல்லியா’. உறவைச் சொன்னது விஞ்ஞானம். பெயரை யாருக்குக் கொடுப்பது என்று சொன்னது வாக்குப்பெட்டி.

பழைய பெயர் தவறா?

கடைசிக் கேள்வி இது. என்னைக் கேட்டால், தவறு என்று சொல்வதைவிட அன்றைய அறிவின் அளவு என்று சொல்வதே பொருத்தம். ராக்ஸ்பர்க் டெண்ட்ரோபியம் என்றார், லிண்ட்லி வாண்டா என்றார், ஷ்லெக்டர் பப்பிலியோனாந்தி என்றார். மூவரும் கையிலிருந்த ஆதாரத்தை வைத்து நேர்மையாகச் சொன்னவர்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் திருத்த முடிந்ததே இந்தத் துறையின் பலம்.

அடிக்கடி பெயர் மாறினால் மக்களுக்குத் தொல்லைதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பாடநூல் மாற வேண்டும், பலகை மாற வேண்டும், ஏற்றுமதித் தாள்களில் எழுத்து மாற வேண்டும். ஆனால் உறவை அறிவதால் வரும் நன்மை பெரியது. ஒரு பயிருக்கு நோய் வந்தால், அதைத் தாங்கும் குணத்தை அதன் பங்காளிகளிடம்தான் முதலில் தேடுகிறார்கள். ஒரு மூலிகையில் மருந்துப் பொருள் இருந்தால், அதே பேரினத்தின் மற்றச் செடிகளையும் சோதித்துப் பார்க்கிறார்கள். காட்டிலே அழிந்துவரும் ஒரு செடி கடைசி வாரிசா அல்லது உறவினர் பலர் உண்டா என்று தெரிந்தால்தான் எதை முதலில் காப்பது என்று முடிவெடுக்க முடியும். கிந்தா களை அன்று களையாக மலிந்து கிடந்தது. ஈயச் சுரங்கமும் நிலமேம்பாடும் சதுப்புகளைத் தின்றுவிட்ட பிறகு, நம் தேசிய மலரின் அந்தப் பெற்றோரைப் பேராக்கில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மகளின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நாம், தாய்வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னும் ஒன்றைக் கவனித்தீர்களா? செடி ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முற்பெயர்தான் மாறுகிறது. இரண்டாம் சொல் கூடவே வருகிறது. ராக்ஸ்பர்க் வைத்த ‘டெரெஸ்’ மூன்று வீடு மாறியும் அழியவில்லை. கலப்பினத்துக்கும் அதே முறைதான். வாண்டா போனாலும், பப்பிலியோனாந்தி வந்தாலும், நாளை ஆய்வு வேறெதையாவது சொன்னாலும், ‘மிஸ் ஜோவாக்கிம்’ என்ற பெயர் அந்தப் பூவோடுதான் இருக்கும். தாம் உருவாக்கிய பூ தம்முடையதுதானா என்று ஒரு நூற்றாண்டுக் காலம் சந்தேகிக்கப்பட்ட அந்தப் பெண்மணிக்கு, தாவரவியல் சட்டம் தன்னையறியாமல் செய்திருக்கும் மரியாதை அது.

அடுத்த முறை பூமலைக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மலரின் இலையை அவர்களுக்குக் காட்டுங்கள். பக்கத்திலேயே வாண்டா இருந்தால் அதன் இலையையும் காட்டுங்கள். எது யாருக்கு உறவு என்று அவர்களே சொல்லட்டும்.